முன்பாய் சுருட்டக் கற்ற மூன்று கோடைகள்

முன்பாய் சுருட்டும் கருவி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது படகின் அணியத்தில் பளபளக்கும் டிரம்மைத்தான். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். அது சத்தமில்லாமல் வழுக்கிச் சுழலும். மனம் அங்கேயே விழுந்துவிடும். இந்தக் கதையின் படகுக்காரருக்கும் அப்படித்தான் ஆனது. பத்து மீட்டர் உயரத்தில், பாய்மரத்தின் உச்சியில் என்ன நடக்கிறது என்று அண்ணாந்து பார்க்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து மாநிலத்தின் தலைநகரான அனாபலிஸில் அவருடைய படகு கட்டிக் கிடந்தது. 1979இல் கட்டிய கேட்டலினா 27 படகு அது. ராபர்ட் ஃபின்ச்சும் ஃபிராங்க் பட்லரும் வடிவமைத்து, 1971 தொடங்கி இருபது ஆண்டுகளில் 6,600க்கும் மேல் கட்டப்பட்ட வகை. 27 அடிக்குச் சற்றே குறைவான நீளம், மூன்று டன் எடை, கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் நான்கு நாள் தங்கிப் பயணம் போகப் போதுமான உள்ளறை. 2001இல் அவர் அதை வாங்கியபோது கூடவே மூன்று பாய்ப் பைகள் வந்தன. காற்று குறைவான நாளுக்கு 150 சதவீத ஜெனோவா, நடுத்தரக் காற்றுக்கு 110 சதவீத ஜிப், புயலுக்குக் கைக்குட்டை மாதிரி ஒன்று. பாய்மரத்துக்கும், அதன் உச்சியிலிருந்து அணியத்துக்கு இறங்கும் முன்கம்பியின் அடிக்கும் இடையே உள்ள தூரத்தோடு பாயின் அகலத்தை ஒப்பிட்டுச் சொல்வதுதான் இந்தச் சதவீதக் கணக்கு. 150 என்றால் பாய், பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால் வெகுதூரம் போகும்.

மூன்று பாய்களின் முன்விளிம்பிலும் வரிசையாக வெண்கலக் கொக்கிகள். பாயை மாற்ற வேண்டுமென்றால் முன்தளத்துக்குப் போய் மண்டியிட்டு, ஒவ்வொரு கொக்கியாகக் கம்பியிலிருந்து கழற்றி, அடுத்த பாயின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். அமைதியான துறைமுகத்தில் அது இனிமையான வேலை. கொக்கி கம்பியைக் கவ்வும்போது எழும் சின்ன ‘டிக்’ ஓசை அவருக்கு மிகவும் பிடிக்கும்.

செசபீக் விரிகுடாவில் கோடைக்காலம் அப்படி அவகாசம் தருவதில்லை. சுமார் 320 கிலோமீட்டர் நீளம் கொண்ட அந்த நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஆறரை மீட்டர்கூட இல்லை. ஜூலையில் காலை முழுவதும் இலைகூட அசையாது. அதற்குப் பெரிய ஜெனோவாதான் வேண்டும். பிற்பகலில் மேற்கே நிலத்தின் மேல் கருமேகம் திரண்டு, அரை மணி நேரத்தில் இடியும் சூறைக்காற்றுமாக வந்து இறங்கும். ஆழமில்லாத நீரில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். காலையில் எந்தப் பாய் இல்லாமல் நகர முடியாதோ அதே பாய்தான் மாலையில் படகைக் கவிழ்க்கப் பார்க்கும்.

2002 ஜூலையில் ஒரு சனிக்கிழமை அதுதான் நடந்தது. தாமஸ் பாயிண்ட் கலங்கரை விளக்கத்துக்கு அருகே, தண்ணீருக்கு நடுவில் இரும்புக் கால்களின் மேல் 1875 முதல் நிற்கும் அந்த அறுகோண வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி சுக்கான் பிடியில் இருந்தார். மேகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர் முன்தளத்துக்கு ஓடினார். பாயை இறக்குவதற்குள் காற்று அடித்துவிட்டது. பாதி இறங்கிய ஜெனோவா தண்ணீரில் விழுந்து அள்ளியது; மீதிப் பாதி தலைக்கு மேல் படபடத்தது. அதன் பின்மூலையில் கட்டியிருந்த கயிற்று முடிச்சு அவர் நெற்றியில் மோதியது. ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஈரப் பாயை வாரி வாரி மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தார். பின்னாலிருந்து மனைவி கத்தியது எதுவும் அவர் காதில் விழவில்லை. கரைக்கு வந்தபின் அவர் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார். “நீங்கள் தண்ணீரில் விழுந்திருந்தால், அந்தப் பாயை நான் எப்படி இறக்கியிருப்பேன்?”

அந்தக் கேள்விக்காகத்தான் சுருட்டும் கருவி.

நம் மொழியில் படுக்கும் பாய்க்கும் படகின் பாய்க்கும் ஒரே பெயர். இந்தக் கருவி செய்வதும் அதே வேலைதான்: காலையில் எழுந்து படுக்கைப் பாயைச் சுருட்டுவது மாதிரி, முன்கம்பியைச் சுற்றி முன்பாயைச் சுருட்டுகிறது. கம்பிக்கு மேல் ஒரு நீண்ட குழல் போர்த்தியிருக்கும். அதிலுள்ள பள்ளத்தில் பாயின் முன்விளிம்பு ஏறும். குழலின் அடியில் டிரம், டிரம்மில் சுற்றிய கயிறு. அந்தக் கயிற்றைப் பின்னால் உட்கார்ந்தபடி இழுத்தால் குழல் சுழன்று பாய் சுருளும். யோசனை பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் வைக்கம்-மார்ட்டின் என்ற பெயரில் சிறிய டிரம்மும் சுழலியும் சிறு படகுகளுக்கு வந்துவிட்டன. அதில் பாயை முழுதாக விரிக்கலாம், அல்லது முழுதாகச் சுருட்டலாம். பாதி சுருட்டி, சிறிய பாயாக வைத்து ஓட்டுவதற்குக் குழல் வந்த பிறகுதான் வழி பிறந்தது.

எதிர்க்கட்சியும் உண்டு, அதுவும் வலுவானது. லின், லாரி பார்டி தம்பதி 24 அடிப் படகான செராஃபினில் எஞ்சினே இல்லாமல் உலகைச் சுற்றியவர்கள். கொக்கிப் பாயைக் கைவிட அவர்கள் சம்மதிக்கவில்லை. பாயின் உச்சியிலிருந்து கீழே ஒரு இறக்குகயிறு ஓடவிட்டால், முன்தளத்துக்குப் போகாமலே பாயை இழுத்து இறக்கிவிடலாம் என்பது அவர்கள் வாதம். செலவு குறைவு, கெட்டுப்போகப் பாகம் எதுவும் இல்லை. அவரும் ஒரு மாதம் அப்படி ஓட்டிப் பார்த்தார். பாய் இறங்கியது. ஆனால் செசபீக்கில் ஒரே நாளில் மூன்று அளவுப் பாய் தேவைப்படுகிறதே, அதற்கு இறக்குகயிறு என்ன செய்யும்?

அனாபலிஸில் 1970 முதல் அக்டோபர் மாதத்தில் பாய்மரப் படகுக் கண்காட்சி நடக்கிறது. 2002 அக்டோபரில் அவர் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார். ஒவ்வொரு கடையாக நின்று டிரம்மைச் சுற்றிப் பார்த்தார், காகிதங்களை வாங்கிப் பையில் திணித்தார், விலையைக் கேட்டு மலைத்துப்போனார். கடைசியில் குளிர்காலத்தில், பழைய படகு ஒன்றிலிருந்து கழற்றிய கருவி ஒன்றை மலிவாக வாங்கினார். டிரம் நன்றாகச் சுழன்றது. பழைய ஜெனோவாவின் கொக்கிகளை எடுத்துவிட்டு, குழலின் பள்ளத்தில் ஓடும் நாடாவைத் தைக்கக் கொடுத்தார். டிரம் உட்கார இடம் வேண்டும் என்பதால் பாய் தைப்பவர் முன்விளிம்பைக் கொஞ்சம் குறைத்தார். அந்தக் ‘கொஞ்சம்’ அரை மீட்டர் அதிகமாகிவிட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

2003 வசந்தம் முழுவதும் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஜூன் மாதம் விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள செயிண்ட் மைக்கேல்ஸிலிருந்து திரும்பி வரும்போது காற்று இருபது நாட் வேகத்தைத் தொட்டது. மனைவி சுருட்டுகயிற்றை இழுத்தார். மூன்று சுற்று வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. அவர் வாங்கி இழுத்தார். அசையவில்லை. கயிற்றை வின்ச்சில் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினார். மேலே எங்கோ நறநறவென்று ஒரு சத்தம். இன்னும் அரைச் சுற்று வந்தது, அவ்வளவுதான். சரி, பாயை இறக்கிவிடலாம் என்று ஏற்றுகயிற்றை அவிழ்த்தால், பாய் இறங்கவும் மறுத்தது. சுருட்டவும் முடியாது, இறக்கவும் முடியாது. பின்னால் உட்கார்ந்தே எல்லாம் செய்யலாம் என்று வாங்கிய கருவி, இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டிருந்தது. கடைசியில் சுருட்டிய மூன்றரைச் சுற்றையும் திருப்பி விரித்த பிறகுதான் மேலே ஏதோ விடுபட்டது. எந்த முன்தளத்தில் மண்டியிட வேண்டாம் என்று கருவி வாங்கினாரோ, அதே தளத்தில் மீண்டும் மண்டியிட்டுப் பாயை வாரினார்.

அடுத்த வாரம், பக்கத்துப் படகுக்காரர், முதியவர், விவரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பாயை ஏற்று. மெதுவாகச் சுருட்டு. நான் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தன் பைனாகுலரை எடுத்து வந்து உச்சியைப் பார்த்தார். ஒரு நிமிடம் கழித்து அதை அவரிடம் நீட்டினார். கொழுகொம்பில் கொடி ஏறுவது மாதிரி, ஏற்றுகயிறு குழலைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். பாயின் உச்சியில் ஒரு சுழலி இருக்கிறது. அதற்கு இரண்டு பாதிகள். கீழ்ப்பாதி பாயோடும் குழலோடும் சுழல வேண்டும். மேல்பாதியை ஏற்றுகயிறு பிடித்து நிறுத்த வேண்டும். பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் அந்தக் கயிறு முன்கம்பியிலிருந்து சற்று விலகி, எட்டு முதல் பத்துப் பாகை கோணத்தில், பாய்மரத்தை நோக்கிப் போக வேண்டும். கம்பிக்கு இணையாகப் போனால் அதற்குப் பிடிமானம் கிடையாது. சுழலும் குழல் கயிற்றையும் இழுத்துச் சுற்றிவிடும். அவருடைய பாய் அரை மீட்டர் குட்டை. அதனால் சுழலி உச்சிக்குப் போகாமல் அரை மீட்டர் கீழேயே நின்றது. அதற்கு மேல் அத்தனை நீளத்துக்கும் கயிறு கம்பியை ஒட்டியபடி ஓடியது. வசந்தத்தில் கயிறு புதிதாக விறைப்பாக இருந்தபோது சமாளித்தது. நீண்டு தளர்ந்ததும் சுற்றிக்கொண்டது.

“கை வலிமைக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு மேலே பார்க்க வேண்டும்” என்றார் முதியவர். “சுருட்டுகயிற்றை வின்ச்சில் போடவே கூடாது. வின்ச்சுக்குக் கண் இல்லை.”

மருந்து சின்னதுதான். பாயின் தலைக்கும் சுழலிக்கும் இடையே அரை மீட்டர் கம்பித் துண்டு ஒன்று; சுழலி உச்சிக்குப் போய்விட்டது. பாய்மரத்தின் முன்முகத்தில், ஏற்றுகயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக் கோணம் தர ஒரு சிறு வளையம். இரண்டையும் மாட்டிய பிறகு கோடை முழுவதும் கருவி முரண்டு பிடிக்கவில்லை. முன்பாய் சுருட்டியைப் பற்றி யார் கேட்டாலும் அவர் இன்றும் முதலில் சொல்வது இந்தக் கோணத்தைத்தான். எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கினாலும் உச்சியில் கோணம் தப்பினால் அது வேலை செய்யாது.

செப்டம்பரில் இசபெல் புயல் வந்தது. 18ஆம் தேதி வட கரோலினாவில் கரையைக் கடந்து, மறுநாள் அனாபலிஸ் நகரத்துக்குள் விரிகுடாவையே ஏற்றிவிட்டது. கடற்படைக் கல்விக்கூடத்தின் கட்டடங்களுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. இரண்டு நாள் முன்பே அவரும் மனைவியும் முன்பாயைக் குழலிலிருந்து இறக்கி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சுருட்டிக் கட்டியிருந்தால் போதும் என்று நினைத்த சிலரின் பாய்கள் காற்றில் ஒரு நுனி பிரிந்து, முழுவதும் அவிழ்ந்து, நார் நாராகக் கிழிந்து தொங்கின. விரிந்த பாய் படகையே இழுத்துக்கொண்டு போகும். சுருட்டும் கருவியில் இருக்கும் பாய் எப்போதும் ஏற்றியிருக்கும் பாய்தான். இறக்காதவரை அது கீழே இல்லை. இதை அங்கே அவர் கண்ணால் பார்த்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் உண்மையான பாடம். நவம்பரில் பாய்மரத்தைக் கிரேன் வைத்து எடுத்து, இரண்டு முக்காலிகளின் மேல் படுக்க வைத்தார்கள். பாய்மரக் கம்பிகளைப் பொருத்தும் ரிக்கர் ஒருவர் வந்து பழைய குழலைத் துண்டு துண்டாகக் கழற்றினார். உள்ளேயிருந்து முன்கம்பி வெளிப்பட்டது. ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவான தடிமன், பத்தொன்பது எஃகு இழைகள் முறுக்கிய கம்பி. உச்சியில் பொருத்துமுனைக்குள் அது நுழையும் இடத்தில் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. ரிக்கர் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துக் கம்பியின் மேல் மெதுவாக ஓட்டினார். கறைக்கு அருகே பஞ்சு சிக்கியது. இழுத்தால், இழையின் நுனியில் வெள்ளையாகக் கொஞ்சம் நின்றது. இன்னொரு பக்கம் திருப்பினார், அங்கே இன்னொன்று.

பத்தொன்பதில் இரண்டு போய்விட்டிருந்தன. இருபத்துநான்கு வருடப் பழைய கம்பி அது. வயதால் போனதா, ஜூனில் அவர் வின்ச்சைத் திருப்பியபோது முறுக்கியதில் போனதா என்று ரிக்கரால் சொல்ல முடியவில்லை. ஆனால் பாய்மரம் பின்னால் சாயாமல் நிற்பதே அந்தக் கம்பியால்தான். கொக்கிப் பாய் இருந்த காலத்தில், ஒவ்வொரு முறை கொக்கி மாட்டும்போதும் அவர் விரல் அந்தக் கம்பியின் அடிப்பகுதியைத் தொட்டது. ஏணி வைத்து ஏறினால் உச்சி வரை கண்ணால் பார்க்க முடிந்தது. குழல் போர்த்திய நாளிலிருந்து யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் புதுக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிப்போனது. டிரம்மைச் சுற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டார். பார்க்க முடியாத கம்பியை எந்தக் கருவி நன்றாகக் கவனித்துக்கொள்கிறது? மனைவி தனியாக இருக்கும்போது எதை நம்பலாம்? பேச்சு இந்த இரண்டில்தான் நின்றது.

சி.டி.ஐ. நிறுவனத்தின் வளையும் குழல் சிறு படகுக்காரர்களின் செல்லம். ஒரே நீளமான பிளாஸ்டிக் குழல். ஏற்றுகயிறு குழலோடேயே சேர்ந்தது. உச்சியில் சுழலி கிடையாது. எனவே கயிறு சுற்றிக்கொள்ளும் பேச்சே இல்லை. பாய்மரத்தை அடிக்கடி மடக்கி டிரெய்லரில் ஏற்றுகிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை என்பது அவர் கருத்து. பாயின் இழுவிசையைத் திருத்திக்கொண்டே ஓட்ட அதில் வசதியில்லை என்பதால் மட்டும் விட்டார். விஸ்கான்சினில் பீட்டர், ஓலஃப் என்ற சகோதரர்கள் தொடங்கிய ஹார்க்கன் நிறுவனத்தின் கருவியில் பேரிங் குண்டுகள் திறந்தே இருக்கும். கிரீஸ் வேண்டாம், நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். பிரெஞ்சு புரோஃபர்ல் நேர் எதிர்: பேரிங்கைக் கிரீஸோடு அடைத்து மூடிவிடுவார்கள். ஏற்றுகயிறு சுற்றிக்கொள்ளாமல் தடுக்க உச்சியில் தனியாக ஒரு தடுப்பும் உண்டு. ஜூன் மாதத்தை மறக்காத அவர் மனைவிக்கு அது பிடித்திருந்தது.

ஸ்வீடனின் செல்டென் நிறுவனம் செய்யும் ஃபர்லெக்ஸ் கருவியின் பெட்டியில் புது முன்கம்பியும் சேர்ந்தே வரும். மற்றவற்றில் பெரும்பாலும் பழைய கம்பியின் மேலேயே குழலைப் போர்த்தலாம். அது மலிவு, சட்டப்படி தவறும் இல்லை. பஞ்சு சிக்கிய கம்பியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த மலிவு வேண்டியிருக்கவில்லை. ஃபர்லெக்ஸை வாங்கினார். பேரிங்குக்குப் பருவத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். அதனால் வருடம் ஒருமுறையாவது மேலே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். அவருக்கு அது நல்லதாகவே பட்டது.

2004 வசந்தத்தில் ரிக்கரோடு சேர்ந்து மாட்டினார்கள். டிரம்முக்கு வரும் முதல் கப்பியை, கயிறு குழலுக்குச் செங்குத்தாக நுழையும்படி வைத்தார்கள். சாய்வாக வந்தால் டிரம்மின் ஒரே பக்கத்தில் குவிந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறுகிவிடும். கடைசிக் கப்பியாக, விடும்போது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் ராட்செட் கப்பியைப் போட்டார்கள். பாய் விரியும் வேகத்தில் கயிறு தளர்ந்து சிக்கு விழாமல் அது பார்த்துக்கொள்ளும்.

ஒன்றில் தவறினார்கள். டிரம்மில் எத்தனை சுற்றுக் கயிறு என்பதைத் துறையில், காற்றில்லாத காலையில், பாயைச் சுருட்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். மே மாதம் நல்ல காற்றில் சுருட்டியபோது பாய் இறுக்கமாகச் சுருண்டது. இறுகச் சுருண்டால் சுற்று அதிகம் வேண்டும். டிரம்மில் கயிறு தீர்ந்துவிட்டது. பாயின் பின்மூலை முக்கோணமாக, ஒரு துண்டுக் கொடி மாதிரி வெளியே நின்று கரை வந்து சேரும் வரை படபடத்தது. மறுநாளே ஆறு சுற்று கூட்டினார்கள்: இறுக்கத்துக்கு மூன்று, சுருண்ட பாயின் மேல் பாய்க்கயிறுகளைச் சுற்றிக் கட்ட மூன்று.

புதுப் பாய் 135 சதவீதம். முன்விளிம்பின் நடுப்பகுதியில் உள்ளே நுரைப்பட்டை தைத்திருக்கிறது. பாதி சுருட்டும்போது நடுப்பகுதியில் தொங்கும் கூடுதல் துணியை அந்த நுரை விழுங்கிவிடுவதால் பாய் பையாகாமல் தட்டையாக நிற்கிறது. அப்படியும் 100 சதவீதத்துக்குக் கீழே சுருட்டினால் வடிவம் போய்விடுகிறது. அவர் அதற்கு மேல் முயல்வதில்லை. பாயின் அடிவிளிம்பில் மூன்று இடத்தில் குறியிட்டு, ஒவ்வொரு குறிக்கும் பாய்க்கயிற்றின் கப்பி தண்டவாளத்தில் எங்கே நிற்க வேண்டும் என்றும் வண்ணம் பூசி வைத்தார்கள். சுருட்டச் சுருட்டக் கப்பியை முன்னால் நகர்த்தாவிட்டால் பாயின் மேல்பாதி அவிழ்ந்து ஆடும். விளிம்பில் ஒரு பட்டை கெட்டித் துணி, வெயிலுக்காக. நாள் முழுக்க வெயிலில் சுருண்டு நிற்கும் பாய்க்கு அதுதான் தோல்.

அந்த ஆண்டு ஜூலையில் தாமஸ் பாயிண்ட்டுக்குத் தெற்கே மேகம் திரண்டது. அவர் கீழே அறையில் ஜன்னல்களை மூடிக்கொண்டிருந்தார். மேலே வந்து பார்த்தபோது பாய் இல்லை. மனைவி ஒரு கையில் சுக்கான் பிடியும் மறு கையில் சுருட்டுகயிறுமாக உட்கார்ந்திருந்தார். கயிற்றைக் கொம்பில் எட்டுப் போட்டுக் கட்டிவிட்டு மழைச்சட்டை கேட்டார்.

ஆனாலும் ஆகஸ்டில் காற்று செத்துக் கிடக்கும் நாட்களில் 135 சதவீதம் பற்றவில்லை. பழைய 150 சதவீத ஜெனோவாவை அவர் விற்கவில்லை; அரை மீட்டர் குட்டையான அந்தப் பாயின் நாடா புதுக் குழலின் பள்ளத்திலும் ஓடுகிறது. கம்பித் துண்டையும் கூடவே வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை, நீண்ட விடுமுறை கிடைத்தால், துறையில் விடியற்காலையில் இருவரும் பாயை மாற்றுவார்கள். அவர் ஏற்றுகயிற்றை இழுப்பார். மனைவி முன்தளத்தில் நின்று நாடாவை விரலால் பள்ளத்துக்குள் ஊட்டிவிடுவார். இருபது நிமிட வேலை. சுழலி உச்சியை அடைந்ததும் அவர் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பைனாகுலரை எடுத்துக் கயிற்றின் கோணத்தைப் பார்ப்பார். பிறகு அதை மனைவியிடம் நீட்டுவார், அவரும் பார்ப்பார்.